தலையணை வந்த வழி

"அப்பா, இண்டைக்கு மட்டும் வாயைத் திறக்காதேங்கோ," என்று மேனுஷா கெஞ்சினாள்.

பாலேந்திரா வாயைத் திறந்து, "ஓம்," என்றார்.

அவள் கட்டப்போகும் சுவீடன்காரப் பெடியனின் தாய் இங்கெலா, பெண் வீட்டாரைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வேன் என்று இல்ஃபோர்டில் இருந்த அவர்கள் வீட்டுக்கு வந்திருந்தார். பாலேந்திராவோ உலக மொழிகள் எல்லாம் தமிழின் பிள்ளைகள் என்று முப்பது வருடமாக நிறுவிக்கொண்டிருப்பவர். வெளிநாட்டவர் யாரைக் கண்டாலும் காணாமல்போன பேரப்பிள்ளையைக் கண்டதுபோல உருகிவிடுவார்.

வெளியே மழை தூங்கி வழிந்தது. ஹீட்டரின் கதகதப்பில் ஜன்னல் கண்ணாடி பனித்து, எதிர்வரிசை வீடுகள் கனவில் கண்டவைபோல மங்கின. இங்கெலா சோபாவில் சாய்ந்து, தலையணையைத் தட்டி, "நல்ல குட்டே," என்றார்.

"குட்டே எண்டா?" என்றார் பாலேந்திரா.

"தலையணை. எங்கள் ஊர்ச் சொல்."

பாலேந்திராவின் கண்கள் செருகின. "தலைக்குக் கூடு! கூடுதான் குட்டே!"

தவமலர் பாய்ந்து வந்து கணவனிடம் கோப்பையை நீட்டினாள். "முதல்ல தேத்தண்ணியைக் குடியுங்கோ."

"தேத்தண்ணிக்குச் சுவீடனில என்ன சொல்லுறவை?" என்றார் அவர்.

மேனுஷா பேச்சை மாற்ற மழையைக் காட்டினாள். சுவீடனில் பெய்கிற மழையும் தமிழிலிருந்து போனதுதான் என்று தெரியவந்தது. கடைசியாக அவள் போனை எடுத்துத் தேடினாள்.

"அப்பா, அந்தக் குட்டே எண்ட சொல்லு பழைய காலத்தில பையைக் குறிச்சதாம். கூடு இல்லை."

"பையும் ஒரு கூடுதானே, பிள்ளை!"

மாடிக்கு ஓடியவர், எண்ணூறு பக்கக் கையெழுத்துப் பிரதியோடு இறங்கிவந்து வாசிக்கத் தொடங்கினார். குரல் மழையோடு கலந்து தாலாட்டாயிற்று. வாசித்தபடியே, பஞ்சடைத்த பெரிய தலையணை ஒன்றில் ஏறி, அவர் மனதுக்குள் ஸ்டாக்ஹோம் துறைமுகத்துக்குள் மிதந்து போனார். கரையெங்கும் சுவீடன் மக்கள் ஆளுக்கொரு தலையணையை அசைத்து வரவேற்றார்கள். ராஜா மாலையோடு நின்றார்.

மாலைக்குக் கழுத்தை நீட்டியவர் நிமிர்ந்து பார்த்தபோது ஒரு மணி நேரம் போயிருந்தது. இங்கெலா கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார்.

"மனிசி நித்திரையப்பா," என்றாள் தவமலர்.

"முடிஞ்சுது. இனி இந்தக் கலியாணம் நடக்காது," என்று மேனுஷா விம்மினாள்.

விம்மலில் இங்கெலா கண் விழித்தார். கையெழுத்துப் பிரதியின் பருமனைப் பார்த்தார். பிறகு மேனுஷாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உலக மொழிகள் எல்லாம் சுவீடிஷிலிருந்து வந்தவை என்று என் கணவர் ஆயிரம் பக்கம் எழுதி வைத்திருக்கிறார், மூத்த மருமகள் பத்தாம் பக்கத்திலேயே ஓடிவிட்டாள், நீ நல்ல பயிற்சி பெற்ற பிள்ளை, கலியாணத்தை எப்போது வைக்கலாம்?"