ராஜவேலு செத்துப்போன ஷாட்

"மாமா, அத்தையோட போட்டோ ஒண்ணு குடுங்க. மாலை போட்டு மாட்டணும்" என்றான் தீனா.

ராஜவேலு லுங்கியை மடித்துக் கட்டினார். லைட்ஹவுஸ் குப்பத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

"இன்னாடா சொன்ன? உயிரோட கீறவளுக்கு மாலையா?"

"படத்துக்கு மாமா. கதையில உங்க சம்சாரம் செத்துட்டாங்க. நீங்க அவங்கள நெனச்சு ஏரியப் பாத்துக்கினே இருக்கீங்க."

"அப்புறம்?"

"அப்புறமும் பாத்துக்கினே இருக்கீங்க."

தீனா பக்கத்து ஊரான தோணிரேவுப் பையன். இதற்கு முன்னால் எடுத்த குறும்படங்களிலும் யாராவது ஒருவர் எதையாவது பார்த்துக்கொண்டேதான் இருந்தார். ஒரு படத்தில் கிழவர் கடலைப் பார்த்தார். இன்னொன்றில் ஒரு பெண் பேருந்தைப் பார்த்தாள். பேருந்து போன பிறகும் பார்த்தாள். போட்டிக்கு அனுப்பியபோது நடுவர்கள், "ஒளிப்பதிவு அருமை. முகங்கள் அருமை. கதை எங்கே இருக்கிறது என்று தெரிவித்தால் நன்றாக இருக்கும்" என்று எழுதினார்கள். பையன் முதல் இரண்டு வாக்கியங்களை மட்டும் போனில் எல்லோருக்கும் காட்டிக்கொண்டு திரிந்தான். நாமாக இருந்தாலும் அதைத்தானே செய்வோம்.

அவனோடு கூட வந்திருந்த திவ்யா ஒலிப்பதிவும் எடிட்டிங்கும் பார்ப்பவள். அதிகம் பேச மாட்டாள். பேசினால் தைக்கும்.

"அவரு கேக்குறது கரெக்ட்தான் தீனா. உன் படத்துல எவனும் ஒண்ணும் பண்றதில்ல. காத்து மட்டும்தான் நடிக்குது, அதுவும் என் மைக்குல" என்றாள்.

ராஜவேலுவுக்கு இந்த விமர்சனமெல்லாம் தேவைப்படவில்லை. அவர் நடிக்க ஒப்புக்கொண்டதற்குக் காரணம் வேறு.

மனைவி கஸ்தூரியின் நகைகளை விற்றுத்தான் அவர் புது ஃபைபர் படகு வாங்கினார். வாங்கியவர், படகின் பக்கவாட்டில் பெரிய எழுத்தில் 'முனியம்மாள்' என்று தன் அம்மாவின் பேரை எழுதிவிட்டார். அம்மா செத்துப் பல வருஷம் ஆகிறது. கஸ்தூரி சண்டை போடவில்லை. "அந்த முனியம்மாளையே சோறாக்கிப் போடச் சொல்லு" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, பசியாவரத்தில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள்.

பசியாவரம் பழவேற்காடு ஏரிக்கு நடுவே இருக்கிற தீவு. படகில் உட்கார்ந்தால் ஒரு வெற்றிலை மென்று முடிப்பதற்குள் போய்விடலாம். ராஜவேலு போகவில்லை. அவள் வரவில்லை. பொங்கலுக்கு முன்னால் போனவள். இப்போது மாம்பழம் வந்துவிட்டது.

போன வாரம் ராஜவேலு யாருக்கும் சொல்லாமல் முனியம்மாளை அழித்துவிட்டு, சிவப்புப் பெயின்டில் 'கஸ்தூரி' என்று எழுதினார். எழுதிவிட்டு ரொம்ப நேரம் அதைத் தடவிக்கொண்டு நின்றார். பெயின்ட் காயவில்லை, கையெல்லாம் சிவப்பு. இதை அவள் எப்படிப் பார்ப்பாள்? போய்ச் சொன்னால் தோற்ற மாதிரி. சொல்லாவிட்டால் செத்த மாதிரி. அந்த நேரத்தில்தான் தீனா வந்து, "யூடியூப்ல போடுவேன் மாமா, பசியாவரம் முழுக்க நம்ம சானலத்தான் பாக்குது" என்றான். மனுஷன் உடனே முகத்தை மழித்துக்கொண்டார்.

இப்போது பார்த்தால், அந்தப் படத்தில் அவளையே கொன்றிருக்கிறான் பாவி.

"கதைய மாத்து" என்றார் ராஜவேலு.

"சரி, அவங்க சாவல. உங்கள உட்டுட்டுப் போயிட்டாங்க" என்றான் தீனா, தாராளமாக.

ராஜவேலுவின் முகம் போன போக்கைப் பார்த்து திவ்யா அவன் காலை மிதித்தாள்.

"அதுவும் வாணாம். நான் செத்துடறேன்" என்றார் ராஜவேலு. "எம் போட்டோவுக்கு மாலையப் போடு. ஆனா சாவறதுக்கு முன்னாடி நான் படகோட்டற மாதிரி ஒண்ணு எடுத்துடணும். படகு நல்லாத் தெரியணும்."

தீனாவின் கண்கள் கலங்கிவிட்டன. "மாமா, செத்தவரு பாத்துக்கினே இருக்காரு. எப்படி கீது பாருங்க!"

பழவேற்காடு ஸ்டூடியோவில் மீசை முறுக்கி எடுத்த பழைய படம் ஒன்று இருந்தது. அதை வீட்டுக்குள் நாற்காலியில் வைத்து, மாலை போட்டு, விளக்கேற்றி, ஊதுவத்தியும் கொளுத்தினார்கள். "வெயில் எறங்குறதுக்குள்ள மொதல்ல படகு ஷாட்ட முடிச்சிடலாம்" என்று தீனா அவசரப்படுத்தினான். கதவைச் சாத்த வேண்டும் என்று மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஏரிப் பக்கம் படகு ஷாட் பெரும்பாடாகிவிட்டது. தீனா ட்ரோனை மேலே ஏற்றினால் ராஜவேலு பக்கவாட்டைக் காட்டுவார்.

"மாமா, மேலேர்ந்து எடுக்கறேன். படகச் சாய்க்காதீங்க, உழுந்துடுவீங்க!"

"பேரு தெரியுதா?"

"உங்க மண்டைதான் தெரியுது!"

"அப்போ கீழ எறக்கு!"

கீழே இறக்கியபோது ட்ரோன் ஒரு கொக்கைத் துரத்தியது. கொக்கும் விடாமல் திருப்பித் துரத்தியது. திவ்யா காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றினாள். "காத்து, கொக்கு, மாமா கத்தறது. வசனம்னு ஒண்ணு இருந்துச்சா?"

இங்கே இது நடந்துகொண்டிருக்க, அங்கே பக்கத்து வீட்டுப் பூவிழி நெத்திலிக் குழம்பை ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு ராஜவேலுவின் வீட்டுக்கு வந்தாள். தனி ஆள், ஆக்கித் தின்ன மாட்டார் என்று நல்ல மனசோடுதான் வந்தாள். வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். விளக்கு. ஊதுவத்தி. மாலைக்கு உள்ளே மீசை.

குழம்பு மண்ணில் கொட்டியது. அவள் போட்ட கூச்சலில் கரையோரம் கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்றார்கள்.

குப்பத்தில் ஒரு சாவு விழுந்தால் அன்றைக்கு யாரும் கடலுக்குப் போகக்கூடாது. தள்ளிக்கொண்டிருந்த படகுகளை மறுபடி மணலில் ஏற்றினார்கள். கடலில் இருந்தவர்களுக்குப் போன் போனது. பாதி வலையோடு திரும்பினார்கள். பெஞ்சு வந்தது. நாற்காலி வந்தது. பூவிழி அழுதுகொண்டே பசியாவரத்துக்கும் போன் போட்டுவிட்டாள்.

ராஜவேலுவும் தீனாவும் திவ்யாவும் திரும்பி வந்தபோது வாசலில் குப்பமே உட்கார்ந்திருந்தது. தன் வீட்டில் என்ன கூட்டம் என்று ராஜவேலுதான் முதலில் கேட்டார்.

"ஐயோ!" என்று பூவிழி இன்னொரு முறை கத்தினாள்.

திவ்யா முன்னால் போய், இது ஷூட்டிங், குறும்படம், யாரும் சாகவில்லை என்று கையைக் கூப்பிச் சொன்னாள். குப்பத்து நாட்டார் மெதுவாக எழுந்தார். பஞ்சாயத்து பேசுகிற பெரிய மனுஷர். கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும்.

"ஊரே கடலுக்குப் போவாம குந்திக்கினு கீது. நீ படமா எடுக்கற? ராஜவேலு, நீ நெஜமாவே செத்திருந்தா உனக்கு நல்லது."

"தெரியாம ஆயிப்போச்சு நாட்டாரே…"

"பசியாவரத்துக்கு வேற சொல்லிட்டேனே!" என்று பூவிழி வாயில் அடித்துக்கொண்டாள். "கஸ்தூரி படகு ஏறிட்டாளாம். அழுதுக்கினே ஏறினாளாம்."

அவள் வருகிறாள். இத்தனை மாதமாக, சோற்றைப் பிசையும்போதும் வலையை உதறும்போதும் விடிகாலையில் பக்கத்தில் கையைத் துழாவும்போதும் வந்துவிட மாட்டாளா என்று ஏங்கிய ஏக்கம் அவருக்குத்தான் தெரியும். வருகிறாள். வந்து, இவர் குத்துக்கல் மாதிரி நிற்பதைப் பார்த்தால், வந்த படகிலேயே திரும்பிவிடுவாள். அப்புறம் நிஜமாகவே செத்தாலும் நம்ப மாட்டாள்.

அவர் யாரையும் பார்க்காமல் உள்ளே போனார். பாயை விரித்தார். படுத்தார்.

"தீனா, கேமராவ எங்க வெக்கணுமோ வெச்சுக்கோ."

நாட்டார் வாசற்படியில் நின்று அவரைப் பார்த்தார். அந்த ஆள் பெரிய கோபக்காரர்தான், ஆனால் அவருக்கும் வீட்டில் சம்சாரம் உண்டு. திரும்பி ஊரைப் பார்த்துச் சொன்னார்:

"மீனுதான் போச்சு. அந்தப் பொண்ணாவது வூடு வந்து சேரட்டும். எல்லாம் அழுங்க."

அழுதார்கள் பாருங்கள்! தீனாவின் எந்தப் படத்திலும் இத்தனை பேர் நடித்ததில்லை. பூவிழி மாரில் அடித்துக்கொண்டாள். ஒரு ஆயா அழுதுகொண்டே கேமராவைப் பார்த்துக் கையாட்டியது. "ஆயா, இந்தப் பக்கம் பாக்காத!" என்று தீனா கெஞ்சினான். ஆயா கோபித்துக்கொண்டு அழுகையை நிறுத்திவிட்டது.

படகு கரை தட்டிய சத்தம் கேட்டது. குப்பம் அடங்கியது.

கஸ்தூரி ஓடி வரவில்லை. நடந்து வந்தாள். பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். ராஜவேலு கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். அவள் தலையில் வைத்திருந்த கனகாம்பரத்தின் ஈர வாசனை வந்தது.

"ஏன்யா, நான் வீம்புக்குப் போனா நீயும் வீம்புக்குப் போவியா?" அவள் குரல் உடைந்தது. "கரையில படகப் பாத்தேனே. எம் பேர எழுதிட்டு, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம படுத்துட்டியே. ஒரு தபா வந்து 'வாடி'ன்னு கூப்ட்டிருந்தா, சோத்துக் கைய கழுவாம வந்திருப்பேனே."

திவ்யாவின் மைக்கில் முதல் தடவையாகக் காற்றே இல்லை.

"தெனம் பொழுது சாஞ்சா கரையில வந்து நிப்பேன். லைட்ஹவுஸ் வெளக்கு சுத்தறது அங்கேர்ந்து தெரியும். அதுக்குக் கீழதான் எம் மனுஷன் கீறான், தின்னானோ இல்லயோன்னு பாத்துக்கினே நிப்பேன். தம்பி பொண்டாட்டி, கொசு கடிக்குதுன்னு உள்ள கூப்டுவா. எனக்கு எந்தக் கொசுவும் தெரியல."

ராஜவேலுவின் மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கி, காதுப் பக்கமாக ஓடி, பாயில் சொட்டியது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. தோள் குலுங்கியது.

"பொணம் அழுவுது" என்று திவ்யா தீனாவின் காதில் சொன்னாள். "இத எடிட்ல ஒண்ணும் பண்ண முடியாது."

"பண்ணாத" என்றான் தீனா. அவனும் அழுதுகொண்டிருந்தான்.

கஸ்தூரி சற்று நேரம் அந்தக் கண்ணீரையே பார்த்தாள். அப்புறம் அவர் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். "யோவ்! உயிரோடவா கீற! மானத்த வாங்கறதுக்குன்னே பொறந்தியா?" என்று ஆரம்பித்தவள், தீனாவைத் திட்டினாள், ட்ரோனைத் திட்டினாள், நாட்டாரைக்கூட விடவில்லை. திட்டிக்கொண்டே அடுப்படிக்குப் போனாள். உள்ளேயிருந்து, "இன்னாய்யா இது, ஒரு பாத்திரம்கூட கழுவலயா!" என்று சத்தம் வந்தது.

அந்தச் சத்தத்தைக் கேட்டு ராஜவேலு சிரித்த சிரிப்பையும் தீனா எடுத்துக்கொண்டான். படம் எங்கே முடிகிறது என்று அவனுக்கே தெரியவில்லை. குறை சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். இந்தத் தடவை கதை இருக்கிறது.

சாயங்காலம், கஸ்தூரியைக் கூட்டிவந்த பசியாவரத்துப் படகுக்காரன் அங்கமுத்து வாசலில் வந்து நின்றான். "மாமா, காத்து ஏறுது. அக்கா வருதா, நான் கெளம்பட்டுமா?"

ராஜவேலு அவனைத் தள்ளிக்கொண்டுபோய் வேலி ஓரம் நிறுத்தினார். "வரல. நீ கெளம்பு." குரலைத் தாழ்த்தினார். "டேய், மனசு கேக்கலடா. அவ நெஜம்னு நம்பிக்கினு அம்மாந்தூரம் அழுதுட்டு வந்திருக்கா. நான் கல்லு மாதிரி படுத்துக்கினு கேட்டுக்கினு இருந்தேன். இந்த ஊரே சேந்து அவள ஏமாத்திடுச்சு. பாவம்டா அவ."

அங்கமுத்து அவரை ஏற இறங்கப் பார்த்தான்.

"இன்னா மாமா நீ? பாதி ஏரி வர்றப்பவே எனக்குப் போன் வந்துடுச்சு, வெறும் ஷூட்டிங்தான், உனக்கு ஒண்ணும் ஆவலன்னு. அக்காகிட்ட சொல்லி, படகத் திருப்பட்டுமான்னு கேட்டேன். 'வாய மூடிக்கினு ஓட்டுடா'ன்னுச்சு."