மூன்று முறை தட்டினால் திருடன்

"போச்சா?"

"போயிடுச்சு சார்."

"அப்புறம் ஏன்யா பதில் வரலை?"

காலை ஒன்பது மணியிலிருந்து பத்துக்குள் இதே மூன்று வரிகள் பதினொரு தடவை பேசப்பட்டுவிட்டன. கேட்டவர் பூட்டு கம்பெனியின் முதலாளி. பதில் சொன்னவன் அந்தக் கம்பெனியின் சர்வர், மெயில், இன்டர்நெட் போன், பிரிண்டர் எல்லாவற்றையும் ஒண்டியாகக் கட்டி மேய்ப்பவன். ஆள் ஒல்லி. கழுத்தில் எப்போதும் ஒரு சுருள் வயர் கிடக்கும். அதனால் முதலாளி முதல் வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அவன் வயர்தான். அவன் கல்யாணத்துக்கு ஆபீஸில் சேர்ந்து வாங்கிக் கொடுத்த சுவர்க் கடிகாரத்திலேயே 'வயருக்கு அன்புடன்' என்றுதான் எழுதியிருந்தது.

விஷயம் இதுதான். புதிதாகக் கட்டும் ஒரு ஓட்டலில் எழுநூறு அறை. எழுநூறு கதவுக்கும் பூட்டு வேண்டும். 'இன்று மாலை நாலு மணிக்குள் உங்கள் கடைசி விலை வந்து சேர வேண்டும். கிடைத்ததும் பதில் போடுவோம். அதுவரை யாரும் போன் செய்து தொந்தரவு செய்யக் கூடாது' என்று ஓட்டல்காரர்கள் கறாராக எழுதியிருந்தார்கள். முதலாளி ஒன்பது மணிக்கு விலையை மெயிலில் அனுப்பினார். ஒன்பது மணி ஒரு நிமிடத்திலிருந்து பதிலுக்குக் காத்திருக்கிறார்.

இந்த ஆர்டர் வராவிட்டால் திங்கள்கிழமையிலிருந்து சாயங்கால ஷிப்டை மூடுவதாக முதலாளி ஏற்கெனவே சொல்லிவிட்டார். அந்த ஷிப்டில் முப்பத்திரண்டு பேர். அதில் ஒருவன் வயரின் மச்சினன், மனைவியின் தம்பி. வேலை வாங்கிக் கொடுத்ததே வயர்தான்.

போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, ஆர்டர் வந்துடுச்சா?"

"உனக்கு யார் சொன்னது?"

"தம்பிதான். பொண்ணு வீட்டுல 'வேலை நிரந்தரம்தானே'ன்னு கேட்டுட்டாங்களாம். பாவம், ராத்திரி சரியா சாப்பிடவே இல்லை அவன்."

"நான் என்ன பண்றது? மெயில் போயிடுச்சு. சர்வர்ல தெளிவா இருக்கு."

"நீங்கதான் வேலை வாங்கிக் கொடுத்தீங்க. நீங்களே அதுக்கு உலை வச்சுடாதீங்க."

வயர் போனை வைத்துவிட்டு நிமிர்ந்தால் முதலாளி அவன் தலைக்கு மேலேயே நின்றுகொண்டிருந்தார்.

"பதில் வந்திருக்கும்யா. என் பெட்டியில இருக்கிற குப்பையில எங்கயாவது புதைஞ்சிருக்கும். நேத்து ஒரு நாள்ல இருநூறு மெயில். பாதிப் பேர் எனக்கு முடி வளர எண்ணெய் விக்கறான்." முதலாளி தன் பளபளப்பான மண்டையைத் தடவிக்கொண்டார். "அந்த எண்ணெய்க்காரனை முதல்ல நிறுத்து. அப்போ நல்ல மெயில் தன்னால கண்ணுல படும்."

இப்படித்தான் ஆரம்பித்தது.

வயருக்கு வேலை தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. பத்து மணிக்கு சர்வரில் ஒரு விதி போட்டான். புதிதாக யார் மெயில் கொண்டுவந்தாலும் முதல் தடவை உள்ளே விடாதே, 'அரை மணி கழித்து வா' என்று திருப்பி அனுப்பு. குப்பை மெயில்காரனுக்குப் பொறுமை கிடையாது, திரும்பி வரமாட்டான். நியாயமானவன் எத்தனை தடவை ஆனாலும் வந்து தட்டுவான். நல்ல விதிதான். பல ஊரில் பல பேர் போடுகிற விதி.

குப்பை சட்டென்று நின்றது. பக்கத்து மேசையில் இருந்த கணக்கு அக்கா நாற்காலியில் சாய்ந்தாள்.

"என்ன வயர், இன்னிக்கு மெயிலே காணோம்? அப்பாடான்னு இருக்கு."

"கை வச்சேன்ல அக்கா" என்றான் வயர்.

ஆனால் ஓட்டலிலிருந்து பதில் இல்லை. முதலாளி விலையை மறுபடி அனுப்பினார். பிறகு மறுபடியும். மூன்றாவது தடவை அனுப்பும்போது கண்ணை மூடி ஒரு நொடி கும்பிட்டுவிட்டு பட்டனை அழுத்தினார்.

பத்தரை மணிக்கு வயர் சர்வரின் பதிவேட்டைத் திறந்து பார்த்தான். முன்பின் தெரியாத ஏதோ ஒரு கம்ப்யூட்டரின் நம்பர் வந்து கதவைத் தட்டுகிறது. திருப்பி அனுப்பினால் போய்விடுகிறது. மூன்று நிமிடம் கழித்து மறுபடி தட்டுகிறது. போகிறது. தட்டுகிறது. அந்த நம்பர் யாருடையது என்று தேடிப் பார்த்தான். மெயில் அனுப்பும் வசதியை வாடகைக்கு விடும் ஏதோ ஒரு வெளிநாட்டு நிறுவனம்.

"கூலிப்படை" என்றான் வயர்.

"யாரு?" என்றாள் கணக்கு அக்கா.

"எவனோ நம்ம சர்வருக்குள்ள நுழையப் பாக்கறான் அக்கா. அதான் ஓட்டல் மெயிலும் வர மாட்டேங்குது. வழியை அடைச்சுக்கிட்டு நிக்கறான்."

உடனே இரண்டாவது விதி. பத்து நிமிடத்துக்குள் மூன்று தடவை தட்டுகிறவன் எவனாக இருந்தாலும் திருடன். இருபத்து நாலு மணி நேரத்துக்குக் கதவடைப்பு. இதுவும் நல்ல விதிதான். இதையும் பல ஊரில் போடுகிறார்கள். முதல் விதி நல்லது, இரண்டாவது விதி நல்லது, இரண்டையும் ஒரே வீட்டில் குடிவைத்தவன் வயர்.

அந்த நம்பர் அடங்கியது. வயர் முதலாளியின் அறைக்குப் போய்ச் சொன்னான்.

"ஒருத்தன் வந்தான் சார். சாத்திட்டேன்."

"பதில் வந்துச்சா?"

"அது இன்னும் வரலை."

"அதைத்தானேய்யா கேட்டேன்."

திரும்பி இருக்கைக்கு வருவதற்குள் வேறொரு நம்பர் தட்ட ஆரம்பித்திருந்தது. அதே வாடகை நிறுவனம். மூன்று தட்டு, கதவடைப்பு. பிறகு இன்னொன்று. பன்னிரண்டு மணிக்கு நாலாவது. வயர் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து வைத்தபடியே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வாய் வைப்பான், ஒருவன் தட்டுவான்.  ஐந்தாவது வந்தது. ஒரு மணிக்கு ஆறாவது.

மனைவி மறுபடி அழைத்தாள்.

"என்னாச்சுங்க?"

"இங்க போர் நடக்குதுடி. ஆறு பேர் வந்துட்டான்."

"ஆர்டரா?"

"திருடன்."

"திருடனை வாசல்ல இருக்கிற காவலாளி பாத்துக்க மாட்டாரா? நீங்க ஆர்டரைப் பாருங்க."

இவளுக்கு எப்படிப் புரியவைப்பது என்று வயருக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் மச்சினன் முகம் கண் முன்னால் வந்து நின்றது. வேலைக்குச் சேர்ந்த அன்று, 'மாமா, உங்க பேரைக் காப்பாத்துவேன்' என்று சொன்ன பையன். இப்போது அவன் வேலையைக் காப்பாற்ற வேண்டியது இவன். ஒவ்வொரு நம்பராக அடைத்துக்கொண்டிருந்தால் பொழுதுதான் போகும். அந்த வாடகை நிறுவனத்தையே, அதன் ஆயிரக்கணக்கான நம்பர்களோடு மொத்தமாகத் தூக்கிவிட முடிவு செய்தான்.

இரண்டு வரி எழுத வேண்டும். 'என் மேசையை மட்டும் விடு' என்று ஒரு வரி. 'மற்ற யாரையும் விடாதே' என்று ஒரு வரி. கொஞ்ச நேரத்துக்கு எல்லோரையும் வெளியே தள்ளிவிட்டு, பிறகு நிதானமாகப் பொறுக்கியெடுத்து உள்ளே விடலாம் என்பது திட்டம். அவசரத்தில் இரண்டாவது வரியை முதலில் எழுதி என்டரைத் தட்டினான்.

திரை உறைந்து நின்றது. இப்போது சர்வர் யாரையும் விடவில்லை. வயரையும்தான்.

"வயர், என் போன் செத்துப்போச்சு" என்றாள் கணக்கு அக்கா.

"பிரிண்டர் வேலை செய்யலை" என்று யாரோ கத்தினார்கள்.

முதலாளி அறையிலிருந்து வெளியே வந்தார். கையில் ரிசீவர் இருந்தது. அதன் சுருள் கம்பி எட்டிய வரைக்கும் வந்து நின்றார்.

"என்னய்யா பண்ணே?"

"ஒண்ணும் இல்லை சார். சர்வர் ரூமுக்குள்ள போய் நேரா ஒரு தட்டு தட்டினா சரியாயிடும். ரெண்டு நிமிஷம்."

சர்வர் அறை மாடியில். அதன் கதவில் தொங்குவது கம்பெனியே செய்த ஏழு லீவர் பூட்டு. அதற்கு ஒரே ஒரு சாவிதான் இருக்க வேண்டும், அது ஸ்டோர்காரரிடம் மட்டும்தான் இருக்க வேண்டும் என்று பாதுகாப்பு விதி எழுதி, முதலாளியிடம் கையெழுத்தும் வாங்கியவன் வயர். ஸ்டோர்காரர் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தார். அவர் வீட்டில் படுத்து ஒரு மணி நேரம் தூங்கிவிட்டுத்தான் வருவார். அது ஊரறிந்த விஷயம்.

பட்டறை மேஸ்திரியைக் கூப்பிட்டார்கள். அவர் பூட்டைக் கையில் ஏந்தி, எடை பார்ப்பதுபோல் தூக்கிப் பார்த்தார்.

"இது நான் செஞ்சது."

"அதனாலதான் கூப்பிட்டேன். திற" என்றார் முதலாளி.

"சாவி இல்லாம முடியாது சார்."

"வேற வழியே இல்லையா?"

"வழி இருந்தா அது பூட்டு இல்லை சார்."

முதலாளியின் முகத்தில் ஒரு நொடி பெருமை வந்தது. பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பெருமை போய்விட்டது.

ஸ்டோர்காரர் கொட்டாவி விட்டபடி வந்து சேர்ந்தபோது மணி இரண்டே முக்கால். உள்ளே ஓடிய வயர் சர்வரை அணைத்துப் போட்டான். அது எழுந்திருக்கும்போது, 'ரொம்ப நாளாக என் டிஸ்கைச் சோதிக்கவில்லை, இப்போது சோதிக்கிறேன்' என்று ஆரம்பித்தது. ஒரு சதவீதம் ஏற மூன்று நிமிடம் எடுத்தது. வயர் அதன் முன்னால் குந்தி உட்கார்ந்துகொண்டு நகம் கடித்தான். கடிக்க நகம் தீர்ந்ததும் கழுத்து வயரைக் கடித்தான்.

மூன்று மணி பத்து நிமிடத்துக்கு முதலாளி கதவருகே வந்து நின்றார். கையில் ஒரு தாள். பிரிண்டர் போனதால் விலைப்பட்டியலைத் தன் கையாலேயே எழுதிக் கீழே கையெழுத்தும் போட்டிருந்தார்.

"மெயில் போகலைன்னா போகட்டும். இதை நீயே நேர்ல கொண்டுபோய்க் குடு."

"சார், மெயில் போயிடுச்சு. நான்தான் காலையிலேருந்து சொல்றேனே."

"அப்புறம் ஏன்யா பதில் வரலை?"

வயர் எழுந்தான். தாளைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வண்டியை எடுத்தான். முதல் சிக்னலிலேயே போன் அடித்தது.

"நேர்ல கொண்டுபோய்க் கொடுக்கப் போறேன்" என்றான் மனைவியிடம்.

"இதைக் காலையிலயே பண்ணியிருந்தா என்னங்க?"

வயர் போனைப் பையில் போட்டான். சிக்னல் விழுந்தது. வழியெல்லாம் எல்லா வண்டியும் அவனுக்கு முன்னால்தான் போயின. ஒரு லாரி நடுரோட்டில் நின்று பின்னால் வந்து பின்னால் வந்து திரும்பியது. கடவுளே, அந்தப் பையன் கல்யாணம் என்னால் நிற்கக் கூடாது என்று ஹெல்மெட்டுக்குள் வாய்விட்டே சொன்னான். அதோடு அவனுக்கு ஒரே ஒரு ஆறுதல்தான் இருந்தது. என்ன ஆனாலும் சரி, ஆறு பேர் வந்து முட்டினார்கள். ஒருவனும் உள்ளே வரவில்லை.

ஓட்டலில் பெயின்ட் வாசனை தலையைச் சுற்றியது. தாழ்வாரம் நெடுகக் கதவுகள், பூட்டு இல்லாமல், காற்றில் அடிக்காமலிருக்கக் கயிற்றால் கட்டிவைக்கப்பட்டிருந்தன. கடைசி அறையில் ஒரு பெண் மேசை போட்டு உட்கார்ந்திருந்தாள். மணி நாலுக்குப் பத்து நிமிடம்.

"பூட்டு கம்பெனியிலேருந்து வர்றேன். விலைப்பட்டியல். டயம் பாத்துக்கோங்க, இன்னும் நாலு ஆகலை." ஒரே மூச்சில் சொல்லி, வியர்வையில் நனைந்த தாளை நீட்டினான்.

அவள் தாளைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

"இது காலையில ஒன்பது மணிக்கே வந்துடுச்சே. அதுக்கப்புறமும் மூணு தடவை வந்துச்சு."

 வயர் பக்கத்தில் இருந்த பெயின்ட் டப்பா மீது உட்கார்ந்தான்.

"அப்போ ஆர்டர்?"

"ரெண்டே கம்பெனிகிட்டதான் விலை கேட்டோம். ரெண்டும் காலையிலயே வந்துடுச்சு. பத்தே காலுக்கெல்லாம் முடிவு பண்ணியாச்சு." அவள் இழுப்பறையைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்தாள்.

போயிற்று, எல்லாம் போயிற்று என்று வயருக்குத் தோன்றியது. முப்பத்திரண்டு பேர். மச்சினன். மனைவி இனி ஒரு வருடத்துக்கு முகம் கொடுத்துப் பேசமாட்டாள்.

"நீங்க அங்க என்ன வேலை பாக்கறீங்க?" என்று தேடிக்கொண்டே கேட்டாள்.

ஆர்டர் போனால் என்ன, வேலையில் குறை சொல்ல விடக் கூடாது என்று வயர் முதுகை நிமிர்த்திக்கொண்டான்.

"கம்ப்யூட்டர் பாதுகாப்பு. இன்னிக்குக் கூட வாடகைக்கு ஆள் வச்சு ஆறு பேர் மாத்தி மாத்தி உள்ள நுழையப் பாத்தானுங்க. ஒருத்தனை விடலையே நான்."

அவள் தேடுவதை நிறுத்திவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு ஒரு உறையை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"இந்தாங்க, உங்க கம்பெனிக்கு எழுநூறு பூட்டு ஆர்டர்; பத்தே காலிலேருந்து வாடகை மெயில் கம்பெனி மூலமா இதைக் கொண்டுவந்து கதவைத் தட்டின அந்த ஆறு பேரும் நாங்கதான் சார்."