கரும்பு கடித்த குட்டி

கடல் எங்கே முடிகிறது என்று யாரும் போய்ப் பார்க்காத காலத்தில், ஒருகொடி நாடு என்று ஒரு நாடு இருந்தது. அதை ஆண்ட வம்சத்துக்கு ஒரே ஒரு கவலைதான்: தங்கள் ரத்தத்தில் வெளியார் ரத்தம் ஒரு சொட்டுக்கூடக் கலந்துவிடக் கூடாது. ஆகவே பதினோரு தலைமுறையாக அக்கா மகளையும் மாமன் மகளையுமே கட்டிக்கொண்டு வந்தார்கள். அரண்மனையில் ஜாதகம் பார்ப்பதில்லை. பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஒரே கண்ணாடி முன் நிறுத்துவார்கள். எது யார் முகம் என்று புரோகிதர் திணறினால் பொருத்தம் உத்தமம்.

பலன்களும் உத்தமமாகவே விளைந்தன. மன்னர் பதினோராம் ஒருகொடியாரின் கீழ்த்தாடை இரண்டு விரல் முன்னால் வந்து நின்றது; மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று சந்தித்ததே இல்லை. மன்னரால் மெல்ல முடியாததை மக்கள் மெல்வது மரியாதையா? கஞ்சிச் சட்டம் வந்தது. முறுக்கு சுடுகிறவர்கள் ஊரைக் காலி செய்தார்கள். மன்னருக்கு இடது காது பிறவியிலேயே கேட்காது. வலது பக்கம் மந்திரிகள் அமர்ந்திருந்ததால், மக்கள் இடது காதில்தான் குறை சொல்ல வேண்டும் என்று ஆணை பிறந்தது. மன்னர் எல்லாவற்றையும் புன்னகையோடு கேட்டுக்கொண்டார். பட்டத்து இளவரசருக்கோ சிறு கீறல் பட்டாலும் ரத்தம் நிற்காது. எனவே கூரானது எதுவும் நாட்டில் இருக்கக் கூடாது என்று அரிவாளையெல்லாம் மழுக்கினார்கள். நெல்லைக் கையால் பிடுங்கிய விவசாயிகள், கண்ணை மறைக்கும் தலைமுடியோடு, கஞ்சியைக் குடித்துவிட்டு மன்னர் வாழ்க என்றார்கள். இதில் வேடிக்கை, அவர்கள் அதை மனதாரச் சொன்னதுதான்.

அரண்மனை லாயத்தில் குதிரை வைத்தியம் பார்த்தவள் பொன்னுருவி. குதிரைகளுக்கும் அதே சட்டம்: அரண்மனைக் குதிரை அரண்மனைக் குதிரையோடுதான். விளைவும் அதேதான். பிறக்கும் குட்டிகளுக்குத் தாடை பொருந்தாது, பால் குடிக்க வராது. மூன்று ஆண்டுகளில் பதினான்கு குட்டிகளைத் தன் கையால் புதைத்தவள் அவள். பதினைந்தாவதைப் புதைக்க மனம் வரவில்லை. தண்ணீர் வண்டிக்காரன் சடையனின் மட்டக்குதிரை வேலிக்கு வெளியே நின்ற ஒரு மத்தியானம், படலைத் திறந்துவிட்டு, மரத்தடியில் போய் உட்கார்ந்து சட்டவிரோதமாக வெற்றிலை மென்றாள்.

அடுத்த ஆண்டு பிறந்தது ஒரு செம்பழுப்புக் குட்டி. பிறந்த ஒரு மணி நேரத்தில் எழுந்து நின்று பால் குடித்தது. ஆறு மாதத்தில் லாயத்தையே தலைகீழாக்கியது. பொன்னுருவி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். எல்லாம் சந்தோஷத்தில்தான்.

குட்டி ஆரோக்கியமாக இருக்கிறது என்ற புகாரின் பேரில் அதையும் பொன்னுருவியையும் சபைக்கு இழுத்து வந்தார்கள். விசாரித்தவர் மகாமந்திரி வித்தகராயர். மன்னருக்குத் தாய்மாமன், மச்சான், மாமனார் மூன்றும் அவர் ஒருவரே.

"அரசே, இக்குட்டி நான்கு காலில் தானாகவே நிற்கிறது. யாருடைய உதவியையும் கோரவில்லை. இது ஆணவம்!"

அந்த நேரம் பார்த்துக் குட்டி பொன்னுருவியின் மடியிலிருந்த கரும்புத் துண்டைக் கவ்வி, கறுக்கென்று கடித்தது. சபை வெலவெலத்துப் போனது.

"அது என்ன சத்தம்?" என்றார் மன்னர்.

"மெல்லும் சத்தம், அரசே. தங்களுக்குப் பல் முளைத்த நாளோடு ஒழிந்தது."

"நம் தலைநகரிலா!"

பொன்னுருவி சட்டென்று மன்னரின் வலது பக்கம் போய் நின்றாள். நாட்டில் யாரும் செய்யாத காரியம். "எல்லார் ரத்தத்திலும் ஏதாவது ஒரு குறை ஒளிந்திருக்கும், அரசே. அப்பா வழியிலும் அம்மா வழியிலும் அதே குறை வந்து சேர்ந்தால் வெளியே தலைகாட்டும். வேறு ரத்தம் கலந்தால் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். இதைப் பார்த்தால் தெரியவில்லையா?"

மன்னர் தன் தாடையைத் தடவிப் பார்த்தார். வித்தகராயர் குறுக்கே பாய்ந்தார்.

"இவ்வளவு பெரிய விஷயத்தை நாம் முடிவு செய்யலாமா? மக்களே தீர்ப்பளிக்கட்டும்! தேர்தல் வைப்போம். குட்டி வென்றால் வாழட்டும். தோற்றால் கயிறு."

எதிர் வேட்பாளர் 'எண்திசை வென்றான்', பதினோரு தலைமுறைச் சுத்த ரத்தக் குதிரை. வயிற்றுக்கடியில் துணி கொடுத்து எட்டு வீரர்கள் தூக்கிப் பிடித்திருந்தார்கள். பிரச்சாரத்தில் அது ஒரு தும்மல் போட்டது. எட்டுப் பேரும் சேர்ந்து விழுந்தார்கள். குட்டியோ மைதானத்தை மூன்று சுற்று ஓடி, ஒரு கஞ்சிப் பானையைத் தாண்டி, இன்னொன்றை உதைத்தது. சனங்கள் விசில் அடித்தார்கள், தலைப்பாகையைத் தூக்கி எறிந்தார்கள், சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். பொன்னுருவிக்குத் தரையில் கால் பாவவில்லை. பிழைத்துவிட்டான் என் தங்கம் என்று எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொன்னாள்.

வாக்கு என்பது ஒரு கூழாங்கல். எண்திசை வென்றானின் தொட்டி நிரம்பி வழிந்தது. குட்டியின் தொட்டியில் ஒரே ஒரு கல் கிடந்தது. அது அவள் போட்டது.

கயிற்றோடு வந்தவனைக் கண்டதும் குட்டி ஒரே தாவில் வேலியைத் தாண்டியது.

"பிடியுங்கள்!" என்று அலறினார் மகாமந்திரி.

"நாங்கள் கையை எடுத்தால் வென்றவர் விழுந்துவிடுவார், ஐயா!" என்றார்கள் வீரர்கள்.

பின்னாலேயே ஓடிய பொன்னுருவி எல்லைக்கல்லில் மூச்சு வாங்க நின்றாள். எல்லைக்கு அப்பால் மேட்டில் செம்பழுப்பாய் ஒரு புள்ளி ஓடி மறைந்தது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன அவளுக்கு. பக்கத்தில் தண்ணீர் வண்டியை நிறுத்திவிட்டுச் சடையனும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ கூடவா சடையா அதுக்குப் போடல?"

"நல்ல குட்டிக்கா. அது ஓடுறதப் பாத்து எனக்கே கண்ணு கலங்கிருச்சு."

"அப்புறம் ஏன்டா?"

சடையன் தன் மட்டக்குதிரையின் பிடரியைக் கோதிக்கொண்டே, ஒன்றும் தெரியாதவளைப் பார்ப்பது போல அவளைப் பார்த்தான்.

"என்னக்கா இப்படிக் கேக்குற? நம்ம வண்டிக் குதிரைக்குப் பொறந்ததுக்குப் போயி ஓட்டுப் போட்டா, நாடு என்னத்துக்கு ஆவும்?"