மாற்று வயர்ச் சட்டம்

ஈரிழை நாடு ஒருநாள் சில நொடிகள் முழுசாக ஊமையாகிப்போனதற்குக் காரணம், கடைநிலை மின்பணியாளன் செவத்தையாவுக்குத் தேநீர் குடிக்கத் தோன்றியதுதான். கெட்டிலைச் சொருக இடம் தேடியவன், சுவரோரம் பெயரெழுதாமல் கிடந்த ஒரு கறுப்பு பிளக்கைப் பிடுங்கினான். அரண்மனைச் செய்திப்பெட்டி அணைந்தது. பதறிப்போய்த் திரும்பச் சொருகினான். நாடு மறுபடி பேசியது.

அந்தப் பெட்டி வழியாகத்தான் நாட்டின் அத்தனை சேதியும் போகும். அணை திறந்தால் கீழ்க்கரைக்கு எச்சரிக்கையும் அப்படித்தான். கீழ்க்கரையில் ஆற்றை ஒட்டியே செவத்தையாவின் அக்கா வீடு. மழையோ நெருங்கிக்கொண்டிருந்தது.

பெட்டிக்கு இரண்டு வயர். மஞ்சள் செத்தால் நீலம் காக்கும், நீலம் செத்தால் மஞ்சள் காக்கும் என்பது சட்டம். வயருக்கொரு கட்சி, ஐந்தாண்டுக்கொரு தேர்தல். தான் பிடுங்கியது மஞ்சளுமில்லை, நீலமுமில்லை. பிறகு இரண்டும் எப்படி ஒன்றாகச் செத்தன? செவத்தையா மின்காப்பு அமைச்சரிடமே போய்விட்டான்.

"ஐயா, அந்த ரெண்டு வயரும் எங்கே போகுது?"

"மக்களை நோக்கிப் போகிறது."

"இல்லீங்கய்யா, எந்த பிளக்குக்கு?"

"தேநீர் குடிக்கிறவனெல்லாம் பிளக்கைப் பற்றிப் பேசக் கூடாது."

மறுநாள் நாடெங்கும் தேநீருக்குத் தடை. பாதுகாப்பைப் பலப்படுத்தப் பச்சை வயர் வந்தது, அதற்கொரு கட்சியும் வந்தது. திறப்பு விழா மேடையும் மைக்கும் வழக்கம்போல மைக்செட்டுக் கடை அருள்வேல் முதலாளியின் அன்பளிப்பு. மூன்று போதாது, ஏழு வேண்டும் என்று எதிர்க்கட்சி உண்ணாவிரதம் இருந்தது, பந்தலும் அவருடையதே. ஏழும் வந்தன. ஒவ்வொன்றுக்கும் அலங்கார விளக்குத் தோரணம் கட்ட வேண்டியிருந்ததால், மக்கள் வீட்டு விளக்குகள் அணைக்கப்பட்டன. வயர்கள் கண்ணை உறுத்தாமலிருக்க ஒரு கம்பளம் விரித்து, அதைத் தூக்குவது தேசத்துரோகம் என்றும் அறிவித்தார்கள்.

மழை பிடித்துக்கொண்ட அன்று செவத்தையா கறுப்பு பிளக்கைத் தொட்டுப் பார்த்தான். சுட்டது.

கம்பளத்தைத் தினமும் தூக்கிக் கூட்டுகிற ராக்காயி எதிரே வந்தாள். சட்டம் எழுதியவர்கள் மறந்துபோன ஒரே ஆள் அவள்தான்.

"ராக்காயிம்மா, நீங்களாவது சொல்லுங்க. இந்த ஏழும் எங்கேதான் போகுது?"

"இதிலென்னப்பா ரகசியம்? ஏழும் ஒரே ஜங்ஷன் பாக்ஸ்ல சொருகியிருக்கு. முதலாளியோட மைக்செட்டு பாக்ஸ். அதுக்கு இருக்கிறது ஒத்தை பிளக்கு, நீ அன்னைக்குப் பிடுங்கினியே, அதான். உங்க அக்காவை மேட்டுக்கு ஏறச் சொல்லணும்னா பெட்டியை நம்பாதே. நடந்து போய்ச் சொல்லு."