பாட்டுப் பொருத்தக் குழு

எந்தப் புத்தகத்துக்கு எந்தப் பாட்டு என்று தெரியாமல் மனிதகுலம் இத்தனை நூற்றாண்டுகளாக வெறுமனே படித்துத் தொலைத்தது. அந்த இருளை நீக்க வந்தவர் செவிச்செல்வர். இந்தப் பட்டத்தை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை. சுயாதீனமாக அவரே எடுத்துக்கொண்டார். சினிமாவைச் சாராத சுயாதீன இசைப் பண்பாடு பற்றித் தடிமனாக ஒரு புத்தகம் எழுதியிருந்தார். சுயாதீன இசைக்கு அவரே ஆதீனம் என்று பதிப்பாளர் அம்மாள் புகழ்ந்தபோது, மறுத்துப் பேசாத அளவுக்கு அடக்கமானவர்.

அத்தியாயத்துக்கு ஒரு பாட்டு வைக்கலாம் என்பது அம்மாளின் யோசனை. தலைப்புக்குக் கீழே ஒரு க்யூஆர் கோடு. வாசகர் போனைக் காட்டினால் பாட்டு வரும். இந்தப் புனிதப் பணிக்காகச் செவிச்செல்வர், பதிப்பாளர், அட்டை ஓவியர் ஆகியோரைக் கொண்ட 'பாட்டுப் பொருத்தக் குழு' அமைக்கப்பட்டது. கிடங்கில், விலைபோகாத கவிதைத் தொகுப்புகளின் மேல் அமர்ந்து அது கூடியது.

முதல் பாட்டை ஓடவிட்டதுமே, கட்டு தூக்கிக்கொண்டிருந்த வேன் டிரைவர் கூடவே முணுமுணுத்தார். குழு அதிர்ந்தது.

"இவருக்கே தெரிஞ்சிருக்குன்னா அது எப்படிங்க சுயாதீனம்?" என்றார் செவிச்செல்வர்.

பாட்டு நீக்கப்பட்டது. அடுத்தது ஓவியர் மகளின் ரிங்டோன் என்று தெரியவந்து அதுவும் போயிற்று. அதற்கடுத்த பாட்டை ஒருவரும் அறியார். ஆனால் தேர்ந்தெடுப்பதற்காகக் கேட்டுத் தொலைத்தார்களே. இப்போது குழுவுக்கே தெரிந்துவிட்டது. ஆகவே இனிப் பாட்டுகளைக் கேட்காமலே தேர்ந்தெடுப்பது என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் செவிச்செல்வரின் மச்சினி வீட்டுக்கு வந்தாள். பல் டாக்டரிடம் வரவேற்பில் வேலை. ஒழிந்த நேரத்தில் சொந்தமாகப் பாட்டுக் கட்டுவாள். எதிரொலிக்கக் கூடாதென்று துணி அலமாரிக்குள் உட்கார்ந்து, முட்டி மடங்கி, வியர்த்து வழியப் பதிவு செய்த பாட்டு ஒன்று அவளிடம் இருந்தது. அதை மாமாவின் புத்தகத்தில் சேர்க்க முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். செவிச்செல்வருக்கு உடம்பு சிலிர்த்தது.

"இதை யாராவது கேட்டிருக்காங்களாம்மா?"

"ஒருத்தர் கேட்டார் மாமா. பல்லு பிடுங்க வந்தவர். ரொம்பப் பயந்தார், அதான் பாடிக் காட்டினேன். நல்லா இருக்குன்னார்."

"வாயில பஞ்சை வெச்சுக்கிட்டு எப்படிம்மா சொன்னார்?"

"கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்."

செவிச்செல்வர் பெருமூச்சு விட்டார். "அப்போ அது வெகுஜனப் பாட்டாயிடுச்சேம்மா."

அவள் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

கடைசியில் குழு ஒரு வரலாற்று முடிவெடுத்தது. எல்லா க்யூஆர் கோடுகளிலும் மௌனத்தையே பதிவேற்றியது.

வெளியீட்டு விழாவில் அரங்கு நிறைந்த கூட்டம். அனைவரும் போனை நீட்டினார்கள். ஒன்றும் கேட்கவில்லை. முன்வரிசை விமர்சகர் கண்ணை மூடித் தலையாட்டி, தாளக்கட்டு அபாரம் என்று பக்கத்து நாற்காலிக்குத் தெரிவித்தார்.

பின்வரிசையில் இருந்த மச்சினி மட்டும் ஏதோ மிஷின் கோளாறு, மாமாவின் மானம் போகிறது என்று நினைத்தாள். எழுந்து நின்று பாடத் தொடங்கிவிட்டாள்.

தலைகள் திரும்பின. போன்கள் மடியில் இறங்கின. செவிச்செல்வரின் வலது கால், அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், தாளம் போட ஆரம்பித்தது. இந்தப் பாட்டு முடியாமல் இருக்கக் கூடாதா என்று ஒரு கணம் ஏங்கியே போனார். அப்புறம் கடமை நினைவுக்கு வந்தது. இடது காலால் வலது காலை மிதித்துக்கொண்டு மைக்கைப் பிடித்தார். ஓர் அரங்கமே கேட்டுக்கொண்டிருப்பதால் சுயாதீன இசை பேராபத்தில் இருக்கிறது என்று அறிவித்தார். தொண்டர்கள் இருவர் அவளை மரியாதையாக முழங்கையைப் பிடித்து வாசலுக்கு அழைத்துப் போனார்கள்.

வாசற்படியில் நின்று அவள் திரும்பிப் பார்த்தாள். "இன்னொரு சரணம் இருக்கு மாமா."

"அதையாவது யார்கிட்டயும் பாடிடாதேம்மா" என்றார் அவர், மைக்கிலேயே.

கதவு சாத்தப்பட்டது. அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. புத்தகம் மளமளவென்று விற்றுத் தீர்ந்தது. இரண்டாம் பதிப்பின் முன்னுரையைச் செவிச்செல்வர் கண்ணீர் மல்க இப்படித் தொடங்கினார்: 'நம் சுயாதீனக் கலைஞர்களுக்கு ஒரு மேடை கொடுக்க இந்த ஊரில் ஒருவருக்கும் மனமில்லை.'