அடைக்கலநாதன் தலையாயிருந்த கிழமை

"இஞ்சருங்கோ, கத்தரிக்காயைக் குழம்பு வைக்கட்டோ, பாற்கறி வைக்கட்டோ?"

திங்கட்கிழமை காலை பத்திரிகையை விரித்த அடைக்கலநாதன் நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருடக் குடித்தனத்தில் மனைவி கிறிஸ்ரினா சமையலைப் பற்றி அவரிடம் கேட்டது இதுதான் முதல்தடவை.

"உமக்குத் தெரியாததோ? விரும்பினதை வையும்."

"நான் விரும்பக்கூடாதெல்லோ. தலை நீங்கள். நேற்றுத்தானே சொன்னனீங்கள்."

சொன்னதுதான். கொக்குவில் ஆலயத்தில் நேற்று அவருடைய முதல் பிரசங்கம். பிதாவும் குமாரனும் மகிமையில் சமம்; ஆனாலும் குமாரன் பிதாவுக்குக் கீழ்ப்படிகிறார். அதேபோல மனைவியும் கணவனுக்குச் சமம். ஆனாலும் கணவனே தலை, அவள் கீழ்ப்படிய வேண்டும். திரித்துவத்தையே குடும்பத்துக்குள் கொண்டுவந்துவிட்டதாக அவருக்கு ஒரே பெருமை. அடுத்த மாதம் காங்கேசன்துறையில் நடக்கவிருந்த ஜெபக்கூட்டத்திலும் இதையே முழங்கிவிட வேண்டும் என்று இருந்தார். தான் குடியிருப்பது மனைவியின் சீதன வீட்டில் என்பதைச் சொல்லத்தான் பிரசங்கத்தில் நேரம் போதவில்லை.

"குழம்பு" என்றார் தலைவர், கம்பீரமாக.

உப்பு எவ்வளவு, புளி எவ்வளவு, எந்தச் சட்டி என்று கேள்விகள் தொடர்ந்தன. மத்தியானம்வரை அவரால் பத்திரிகையின் முதல் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. அடுத்த நாள், நேற்றுச் செய்த மாதிரியே செய்யும் என்று ஒரே போடாகப் போட்டார். வியாழன்வரை கத்தரிக்காய்க் குழம்பே வந்தது. ஏனென்று கேட்டால், மாற்றச் சொல்லி உத்தரவு வரவில்லையே என்றார் கிறிஸ்ரினா, வலு பணிவாக.

இனிப் பின்னேரம்வரை தன்னிடம் ஒன்றும் கேட்கக்கூடாது என்று அன்றைக்கு அடைக்கலநாதன் கட்டளையிட்டார். கிறிஸ்ரினா கேட்கவில்லை. தண்ணீர் மோட்டரை நிறுத்தவா என்றும் கேட்கவில்லை. தொட்டி நிரம்பி வழிந்து, முற்றத்தில் காயப்போட்ட செத்தல் மிளகாயெல்லாம் மிதந்தது.

வெள்ளிக்கிழமை கனடாவிலிருந்து கிறிஸ்ரினாவின் தம்பி சுபாங்கன் அழைத்தான். குரல் சரியில்லை.

"அத்தான், எங்களோடை கதைக்கிறதுக்கும் அக்கா உங்களிட்டை உத்தரவு கேட்க வேணுமாம். உண்மையோ?"

அப்படியொன்றும் இல்லை என்று அடைக்கலநாதன் சமாளித்து வைத்தார். உம்முடைய விருப்பப்படி நடவும் என்று மனைவியிடம் ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் தீர்ந்துவிடும். ஆனால் சொன்னால் பிரசங்கம் பொய்யாகிவிடுமே. வாழ்நாளில் அவர் ஏறி நின்ற ஒரேயொரு பிரசங்கபீடம் அது. அதை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

வேதத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சனிக்கிழமை காலை வழி கிடைத்தது. பிதா குமாரனிடத்தில் அன்பாயிருந்து, சகலத்தையும் அவர் கையிலேயே கொடுத்துவிட்டாராம். தன் பிரசங்கத்தில் அன்பு என்ற சொல்லே வரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

கிறிஸ்ரினாவைக் கூப்பிட்டார்.

"இண்டையிலையிருந்து இந்த வீட்டிலை எல்லாத்தையும் உம்மடை கையிலை தாறன். பிதா செய்ததும் அதுதான்."

"ஓம், நீங்கள் சொன்னாச் சரி" என்றார் கிறிஸ்ரினா.

மத்தியானம் மீன்குழம்பும் பொரியலும் வந்தன. அடைக்கலநாதனுக்குப் பெருமை பழையபடி திரும்பியது. உண்மையில் முன்னதைவிடக் கூடிவிட்டது. ஊரில் ஒருவருக்கும் எட்டாத வசனத்தைத் தானே தனியாகத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார். கை காய முன்னமே சைக்கிளை எடுத்துக்கொண்டு போதகர் வீட்டுக்குப் போனார். போன கிழமை தான் சொன்னது பாதிதான், மீதியையும் சபைக்குச் சொல்ல ஒரு ஞாயிறு வேண்டும் என்று கேட்டு, வசனத்தையும் விளக்கினார்.

இளம் போதகர் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை.

"நாளைக்குப் பிரசங்கம் நீங்கள்தான், அண்ணை. போன ஞாயிறு ஆராதனை முடிஞ்ச கையோடை அக்கா வந்து, இதே வசனத்துக்கு உங்கடை பேரிலை இடம் பிடிச்சு வைச்சிட்டா."