படம் பாக்கப் போன பூசணிக்காய்

நேத்து எனக்குக் குடுத்த வேலை ஒண்ணே ஒண்ணு. அம்பத்தூர் தியேட்டர்ல காலைக் காட்சி பாக்கணும். உக்காந்து பாக்கற வேலை. அதுலயும் கோட்டை விட்டேன்!

படத்துல என் மச்சினன் கோபி நடிச்சிருக்கான். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல லேத் மிஷின் ஓட்டறவன், லீவு போட்டுட்டுப் போய் நடிச்சான். கறிக்கடைக்காரன் வேஷம். "அண்ணே, எலும்போடயா, எலும்பில்லாமயா?" இதான் டயலாக். எங்க வெள்ளானூர்ல இத மனப்பாடம் பண்ணாத சொந்தக்காரனே கெடையாது.

"மாமா, நீங்க எப்டி கீதுன்னு கரெக்டா சொல்வீங்க. நீங்க சொன்னா லேத்த விட்டுட்டு இதுலயே எறங்கிடலாம்னு கீறேன்"ன்னான். எனக்குத் தலை கால் புரியல. நம்மள ஒருத்தன் விமர்சகனா மதிக்கிறானே!

அவன் மட்டும் உள்ள வரல. வெக்கமாம். எதுத்தாப்ல டீக்கடையில நின்னுட்டான். நான், என் வீட்டுக்காரி மலர், மாமியார், மூணு பேரும் உள்ள கிளம்பினோம்.

மூணு பேர்னா சொன்னேன்? கூட ஒரு பூசணிக்காயும் வந்துச்சு.

"இன்னாத்துக்கு அத்தை இது?"

"ஸ்கிரீன்ல புள்ள மூஞ்சி வர்றப்போ சுத்தணும் மாப்ள. ஊரு கண்ணு பூரா அவன் மேலதான் கீது."

வாசல்ல பையத் தொறந்து பாத்த செக்யூரிட்டி, "வெளி சாப்பாடு உள்ள விட மாட்டோம் சார்"ன்னாரு.

"சாப்பாடு இல்லங்க, திருஷ்டி பூசணி."

"எதுவா இருந்தாலும் சாப்பாடுதான் சார்."

முழு நீர்ப்பூசணிய எவன்யா இருட்டுல கடிச்சுத் தின்னுவான்? கேட்டேன். "வெளிய வெச்சிட்டு வாங்க சார்"ன்னு மறுபடியும் அதையே சொன்னாரு.

"நீங்க போய் வண்டில வெச்சிட்டு வாங்க, நாங்க உள்ள போறோம்"னு மலர் சொல்லிட்டா. மருமகன்னா சும்மாவா?

பார்க்கிங்ல இருந்தவர் அதுக்கு மேல. "வண்டிக்குத்தான் டோக்கன். காய்க்கு நான் பொறுப்பு இல்ல அண்ணாத்தே."

பின் சீட்ல துண்டால கட்டினேன். உருளுது! ஹெல்மெட்ட மேல கவுத்தேன். அந்தப் பக்கம் போன ஒருத்தர், "இன்னா நைனா, பின்னாடி கீறவரு தூங்கறாரா?"ன்னு கேட்டுட்டுப் போறாரு.

உள்ள போனா படம் ஆரம்பிச்சுடுச்சு.

என்ன படம்ங்கறீங்க! ஒரு வீட்டுல கிரைண்டர் கல்லு காணாமப் போவுது. அதத் தேடி ஒரு ஊரே ஓடுது. கல்யாண குரூப் போட்டோல கூட அவ்ளோ தலை இருக்காது. ஆளாளுக்கு ஒரு கிறுக்கு. ஒருத்தர் குடைய விரிச்சுக்கிட்டே தூங்கறாரு. ஒருத்தர் கோழிகிட்ட ஜோசியம் கேக்கறாரு. எல்லாரும் ஒரே நேரத்துல கத்தினா அது காமெடியாம்!

இந்தக் கூட்டத்துல கோபிய எங்க தேடறது? மாமியார் கண்ணாடிய மறந்துட்டு வந்துட்டாங்க. திடீர்னு, "தோ! என் புள்ள!"ன்னு கை தட்டறாங்க.

"அத்தை, அது ஹீரோயினோட அப்பா."

கடைசில கல்லக் கண்டுபிடிச்சது அந்தக் கோழி. படம் முடிஞ்சுது. கோபி வரவே இல்ல.

"நீங்க பாத்தீங்களா?"ன்னு மலர் கிசுகிசுத்தா. "நான் அம்மாவ சமாளிக்கறதுலயே விட்டுட்டேன்."

பூசணிக்காய் கட்டின நேரத்துலதான் வந்திருக்கணும்! பாக்கலன்னு சொன்னா அவன் மனசு ஒடைஞ்சிடும். என் விமர்சகர் பதவியும் போயிடும்.

வெளிய கோபி தலையக் குனிஞ்சுக்கிட்டு நின்னான். வெக்கம்னு நெனச்சு ஓடிப் போய்க் கட்டிப் புடிச்சேன்.

"கோபி! கலக்கிட்டடா! அந்தக் கத்திய வெச்சுக்கிட்டு ஒரு முழி முழிச்ச பாரு! தியேட்டரே அதிர்ந்துச்சு! எலும்போடயான்னு நீ கேட்டப்போ பக்கத்து சீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரிச்சாரு!"

அவன் என்னையே பாத்தான்.

"மாமா, கூட நடிச்சவன் ஆவடில பாத்துட்டு இப்பத்தான் போன் பண்ணான். கறிக்கடை சீனையே தூக்கிட்டாங்களாம்."

கட்டிப் புடிச்ச கைய மெல்ல எடுத்தேன். இல்லாத சீனுக்கு விமர்சனம் சொன்ன ஒரே ஆள் நான்தான். அசிங்கத்த விடுங்க, அவன் மூஞ்சியப் பாக்க நெசமாவே கஷ்டமா இருந்துச்சு. கோழிக்கு நாலு சீன் வெச்சவனுங்க, இவனுக்கு ஒரு நிமிஷம் வெக்கக் கூடாதா?

மாமியார் தீர்ப்பு சொல்லிட்டாங்க. "பூசணிக்காய உள்ள விடல இல்ல? அதான் கண்ணு பட்டுடுச்சு."

சீனை வெட்டினது எப்பவோ அத்தைன்னு சொல்ல வாயெடுத்தேன். மலர் ஒரு பார்வை பாத்தா. மூடிக்கிட்டேன்.

மலரும் அத்தையும் ஆட்டோல ஏறினாங்க. கோபி பூசணிக்காய மடியில வெச்சுக்கிட்டு என் வண்டில பின்னாடி உக்காந்தான். கொஞ்ச தூரம் போனதும் பின்னாடி குலுங்குச்சு. அழறானோன்னு பாத்தா, சிரிக்கறான். "தியேட்டரே அதிர்ந்துச்சா மாமா?"

வீட்டுக்கு வந்ததும் மாமியார் அருவாமனைய எடுத்தாங்க. "இன்னும் சுத்தாத காயிதானே, இன்னாத்துக்கு வீணாக்கணும்?" மத்தியானம் பூசணிக்காய் மோர்க்குழம்பு. கோபி ரெண்டு தடவை வாங்கி சாப்பிட்டான். "நாளைக்கு லேத்துக்குப் போறேன் மாமா"ன்னான்.

நேத்து நாங்க ஓட்டின மொத்தப் படத்துலயும் சரியாப் பேசின ஒரே ஆளு அந்த செக்யூரிட்டிதான்: அது சாப்பாடுதான்.